காட்சிக்கு வரும் பழைய புல்லட்

பழைய வண்டிகளைக் கொண்டுவந்து ஊரார் பார்வைக்கு நிறுத்தும் கூட்டம் பெருநகரத்து மைதானங்களுக்கு மட்டும் உரியதல்ல. பள்ளி விளையாட்டுத் திடல், கல்யாண மண்டபத்து முற்றம், புறவழிச்சாலை ஓரத்துக் காலி மனை என முப்பது நாற்பது வண்டி நிற்க இடமிருக்கும் எந்தச் சிறு நகரத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நடந்துவிடும். கார்கள் வந்தாலும் எண்ணிக்கையில் மிகுந்து நிற்பவை இருசக்கர வண்டிகள்தாம். பழைய காரை வைத்துக் காப்பாற்ற நிலமும் பணமும் வேண்டும். பழைய மோட்டார்சைக்கிளுக்கு வீட்டு ரேழியோ மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையோ போதும். தமிழ்நாட்டில் அந்த வரிசை எங்கே நின்றாலும் வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட ஒரு பழைய புல்லட் அதில் இருக்கும். ஒரு வண்டியைக் காட்சிக்குத் தயார் செய்வது எப்படி, பார்க்க வருபவர் அதில் எதைக் கவனிப்பது என்பதை அந்தப் புல்லட்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 1932-லேயே புல்லட் என்ற பெயரில் ஒரு வண்டியை விற்றது. தமிழ்நாட்டுச் சாலைகளுக்குப் பழகிய உருவம் 1949-ல் விற்பனைக்கு வந்த 350 சிசி மாடலுடையது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத சட்டங்கள் வழக்கமாயிருந்த அந்நாளில் அது ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பரும் பூட்டி வந்தது. அதே ஆண்டில் கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவம் 1952-ல் புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. வடசென்னையின் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பி, 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. முதலில் கப்பலில் வந்த உதிரிபாகங்களைப் பூட்டினார்கள்; சில ஆண்டுகளில் எல்லா பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டு, 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூரிலோ வேலை நிற்கவில்லை. 1977-ல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. 1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது.

காட்சியின் சிக்கல் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன், 346 சிசி கொள்ளளவு, 18 குதிரைத்திறன், நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக்: இந்த அமைப்பு அரை நூற்றாண்டு ஏறத்தாழ மாறாமல் ஓடியது. 1965-ஆம் ஆண்டு வண்டியும் 1995-ஆம் ஆண்டு வண்டியும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் பாகம் பெரும்பாலும் மற்றொன்றில் பொருந்தும். ஓட்டுபவருக்கு இது பெரிய வரம். எந்த ஊர் மெக்கானிக்கும் கையில் கிடைத்ததைப் பூட்டி வண்டியை ஓடவைத்துவிடுவார். ஆனால் அறுபது வயது வண்டி ஒன்று அத்தனை மெக்கானிக்குகளின் கைபட்டு வந்திருக்கும்போது அதில் எது தொழிற்சாலையிலிருந்து வந்தது, எது இடையில் ஏறியது என்று பிரித்தறிவது எளிதல்ல. காட்சிக்கு வரும் வண்டி தன் காலத்துக்குச் சாட்சியாகவும் நிற்க வேண்டும். அந்தச் சாட்சியம் பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதுதான் காட்சிக்கான தயாரிப்பில் பாதி வேலை.

வயதும் பதிவும்

எத்தனை வயதானால் ஒரு வண்டி இந்த வரிசையில் நிற்கலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு உண்டு. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 1966-லிருந்து இயங்கிவருகிறது. குறைந்தது 30 வயது, வரலாற்றுக்குப் பொருந்திய நிலை, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை ஆகிய மூன்றையும் அது கேட்கிறது. இந்திய அரசு 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. வண்டியின் ஃபிரேமும் உடலும் இன்ஜினும் பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாமல் இருந்தால் மட்டுமே இந்தப் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 5,000 ரூபாய் கட்டிப் புதுப்பிக்கலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து விஏ என்ற இரண்டெழுத்து வரும். அப்படிப் பதிந்த வண்டியைக் காட்சி, பழைய வண்டிப் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கே சாலையில் எடுக்க முடியும்.

சிறு நகரத்துக் கூட்டங்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஆர்சி புத்தகம் உயிரோடிருந்தால், இன்ஷூரன்ஸ் இருந்தால், வண்டி தானாக ஓடி வந்தால் போதும் என்பதே பெரும்பாலான அமைப்பாளர்களின் நிபந்தனை. இது நல்ல வழக்கம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் ஆர்சியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வந்திருப்பதுகூட ஒரு குடும்பம் அந்த வண்டியைக் கைவிடவில்லை என்பதற்கான ஆவணம்தான்.

நம்பர் பிளேட்டும் பேசும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பிறகே டிஎன் 01, டிஎன் 59 போன்ற எண்கள் வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் எம்டி, எம்எஸ், டிஎம், டிஎன் என்று தொடங்கும் மூன்றெழுத்தும் அதையடுத்து நான்கு இலக்கம் வரையிலான எண்ணும் இருக்கும். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. முன்சக்கர மட்கார்டின் முதுகில், வண்டியின் நீளவாக்கில், பிறை வடிவத்தில் வளைந்து நிற்கும் அந்தக் காலத்து முன் நம்பர் பிளேட் இன்னும் ஒரு வண்டியில் இருக்கிறதென்றால் மற்றவற்றையும் அருகில் போய்ப் பார்க்கலாம் என்று பொருள்.

பெயின்ட், குரோம், போல்ட்டு

பழைய வண்டி கையில் கிடைத்தவுடன் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோவதுதான் பலர் செய்யும் முதல் காரியம். அது கடைசியாகச் செய்ய வேண்டியது. பல வண்டிகளுக்கு அது தேவையே இல்லை. ஃபீவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: இருப்பதைக் காப்பது முதலில், மீட்டெடுப்பது அடுத்து, புதிதாக மாற்றுவது வேறு வழியில்லாதபோது மட்டும். ஒரு பெயின்டை நூறுமுறை அடிக்கலாம். கம்பெனி பெயின்ட் ஒருமுறைதான் அடிக்கப்படும். மங்கிப்போனாலும், ஓரத்தில் உரிந்திருந்தாலும், டேங்கின் முழங்கால் படும் இடத்தில் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தாலும், அந்தத் தேய்மானமும் வண்டியின் வரலாறுதான். பளபளப்பான புதுப் பூச்சுக்குக் கைதட்டுகிற கூட்டம் பூச்சு உரிந்த வண்டியைக் கடந்துபோவதைப் பல காட்சிகளில் பார்க்க முடிகிறது. விவரம் தெரிந்த நடுவர் அந்த இரண்டாவது வண்டிக்குத்தான் குனிவார்.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டிய நிலையில் வந்த வண்டிக்கு, பழைய நிறம் எது என்பதற்கான ஆதாரத்தை முதலில் தேடி எடுக்க வேண்டும். டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம், சீட்டுக்கு அடியில் மறைந்த சட்டம், பெட்ரோல் டேங்கின் அடிவயிறு ஆகிய இடங்களில் வெயிலும் துணியும் படாததால் முதல் நிறம் பெரும்பாலும் தங்கியிருக்கும். ஆர்சியில் எழுதியிருக்கும் நிறத்தையும் பார்த்துக்கொள்வது அவசியம். பதிவிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் வரும். நிறம் மாறினால் அதை ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

டேங்கின் தங்கக் கோட்டைத் திருவொற்றியூரில் கையாலேயே வரைந்தார்கள். நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, சுண்டுவிரலை டேங்கின் மேல் ஊன்றி, ஒரே மூச்சில் இழுக்கும் வேலை அது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கையால் இழுத்த கோடு தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டளவு தடித்திருக்கும். வளைவில் நூலிழை மெலிந்து, முடியும் இடத்தில் முந்தைய கோட்டின் மேல் லேசாக ஏறிக்கொள்ளும். ஸ்டிக்கர் கோட்டுக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே அகலம்; ஓரத்தில் நகத்தை வைத்தால் மேடு தட்டும். பழைய டேங்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது குற்றமல்ல. ஆனால் நாலு இடங்களில் பெயின்ட் பெயர்ந்தாலும் கைக்கோடு மிச்சமிருக்கும் டேங்கைச் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டியவர், திரும்ப வாங்க முடியாத ஒன்றை இழந்துவிட்டார்.

குரோம் வேலையிலும் அவசரம் கூடாது. இரும்பின் மேல் செம்பு, அதன் மேல் நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய குரோமியம் என்று மூன்று அடுக்காக அது ஏறுகிறது. துருவைத் தடுப்பதும் ஆழமான மினுக்கத்தைத் தருவதும் நிக்கல்தான். மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்பில் அதைக் காக்கிறது. விலை குறைத்துச் செய்யும் கடைகளில் நிக்கலைக் குறைத்துவிடுவதால் ஒரு மழைக்காலத்திலேயே சைலன்சரில் புள்ளி விழுகிறது. முலாமுக்கு முன் பாலிஷ் போடும்போது கவனம் தப்பினால் ஹப்பிலும் மூடிகளிலும் அச்சான எழுத்துகள் தேய்ந்துபோகும். பழைய குரோமில் துருப்புள்ளி மட்டும் இருந்தால் மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு மென்மையாகத் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும்.

நடுவர்கள் அதிக நேரம் செலவிடுவது பலரும் கவனிக்காத இடத்தில்: போல்ட்டுகளில். ரெடிட்ச் வரைபடத்தில் பிறந்த வண்டி என்பதால் பழைய புல்லட்டின் மரைகள் பிரிட்டிஷ் அளவில் இருக்கும். மெட்ரிக் ஸ்பேனர் அவற்றில் சரியாக உட்காராது. உட்காராத ஸ்பேனரை வைத்துத் திருகித் திருகி முனை மழுங்கிய நட்டுகள் எத்தனை கை மாறி வந்த வண்டி என்பதைச் சொல்லிவிடும். டைமிங் கவரில் ஒற்றைக் கீறல் தலையுள்ள ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஆலன் போல்ட்டு மின்னினால் அது பின்னாளில் ஏறியது. டயரும் அப்படியே: முன்னும் பின்னும் 3.25–19 அளவு, முன்சக்கரத்தில் நீளவாக்கில் கோடுகள் ஓடும் ரிப் டயர், பின்சக்கரத்தில் கட்டம் கட்டமான டயர். ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள காஸ்கெட் மூடியில் ஆம்பியர் மீட்டரும் இருபுறமும் சின்னஞ்சிறு பைலட் விளக்குகளும் இருக்கும். ஊர்ப் பேச்சில் அவை டைகர் லைட்டுகள். அவற்றுக்குள் எல்இடி போட்ட வண்டி இரவில் நன்றாகத் தெரியலாம். காட்சியில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும்.

பின்னாளில் ஏறிய எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும் என்பதல்ல. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் காக்கும் கம்பி வலை, சீட்டுக்குப் பின்னுள்ள கைப்பிடி, கால்களைக் காக்கும் முன் கார்டு எல்லாம் இந்த நாட்டில் அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்பதைக் காட்டுகின்றன. ஒரு குடும்பமே ஏறிச் சென்ற வண்டி அது. சேலைக் கம்பியைக் கழற்றிவிட்டு இங்கிலாந்துப் புகைப்படத்தைப் போல நிறுத்துவதைவிட அதோடு நிறுத்துவதே நேர்மை.

எண்கள் எல்லாவற்றுக்கும் மேலானவை. சேஸிஸ் எண் ஃபிரேமின் கழுத்துப் பகுதியிலும் இன்ஜின் எண் கிராங்க்கேஸிலும் அச்சடிக்கப்பட்டிருக்கும். ஆர்டிஓ அலுவலகத்தில் செய்வதைப் போல அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்து, ஆர்சியோடு வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தின் ஆழமும் வரிசையும் சீராக இருந்தால் நம்பலாம். எண்ணைச் சுற்றிலும் அரம் ஓடிய அடையாளம் தெரிந்தால் அந்த வண்டியைக் காட்சிக்குக் கொண்டுவருவதற்கு முன் அதன் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும்.

உயிரோடு நிற்பது

ஓடாத வண்டியையும் காட்சிக்கு வைக்கலாம். அருங்காட்சியகங்கள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் ஊர்க் கூட்டத்தில் புல்லட்டைப் பார்க்க வருபவர் அதைக் கேட்கவும் வருகிறார். கனமான ஃப்ளைவீலும் நீண்ட ஸ்ட்ரோக்கும் சேர்ந்து எழுப்பும் அந்த மெதுவான தாளம் வார்ப்பிரும்பு இன்ஜினுக்கே உரியது.

காட்சிக்குச் சில வாரம் முன்பே இன்ஜின் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். முதல் கவனம் பெட்ரோலுக்கு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அது அடித்துருவை உண்டாக்குகிறது. பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களையும் அது உப்பவைத்து வெடிக்கச் செய்யும். நீண்டகாலம் நின்ற வண்டிக்குப் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் குழாய் போட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிய பிறகே புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். வெளியே தெரியாத இந்த ரப்பர் பாகங்களில் ஒரிஜினல் பார்க்கத் தேவையில்லை. தீப்பிடிக்காமல் இருப்பது முக்கியம்.

டேப்பட்டைப் பொறுத்தவரை இந்த இன்ஜினுக்குத் தனிப் பழக்கம் உண்டு. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது புஷ்ராடை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அதற்கு மேல் தளர்த்தினால் சத்தம் வரும். இறுக்கினால் வால்வு கருகும். பாயின்ட்டைத் துடைத்து இடைவெளி பார்த்து, பிளக்கை மாற்றி, ஆயிலைப் புதிதாக ஊற்றினால் பெரும்பாலான புல்லட் மறுபடி பேசத் தொடங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்வது ஒரு சிறு கலை. காட்சியில் அதிகமான தலைகள் திரும்புவதும் அப்போதுதான். சாவியைப் போட்டதும் ஆம்பியர் மீட்டர் முள் இடப்பக்கம் சாயும்: பாயின்ட் மூடியிருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது. கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கால் தடுக்கும். அங்கே முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்கிவிட்டது, பாயின்ட் திறந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. இடது கையருகிலுள்ள டீகம்ப்ரஸர் லிவரை இழுத்து, கிக்கரை இன்னும் ஓரிரு அங்குலம் கீழே தள்ளி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீரான மிதி. உச்சிக்கு முன்பே அவசரப்பட்டு மிதித்தால் கிக்கர் எதிர்த்து உதைக்கும். கணுக்காலில் அடிவாங்கிய தலைமுறை ஒன்று இந்த மாநிலத்தில் உண்டு. வலிமையைவிட முள்ளைப் பார்க்கும் பொறுமையே இதற்குத் தேவை; அதனால்தான் ஒல்லியான பெரியவர் ஒருவர் ஒரே மிதியில் கிளப்பிய வண்டியைத் திடகாத்திரமான இளைஞர் பத்து மிதியில் கிளப்ப முடியாமல் போகிறது.

பார்வையாளர்களுக்குக் காட்ட இன்னொன்றும் உண்டு: வலது குதிகாலருகில் உள்ள நியூட்ரல் லிவர். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எந்தக் கியரில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து அதை ஒருமுறை அழுத்தினால் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்றைய வண்டிகளில் இல்லாத வசதி.

மைதானத்தில்

இருபது முப்பது கிலோமீட்டர் தூரமென்றால் ஓட்டிவருவதே சிறந்தது; சூடேறிய இன்ஜினோடு வந்திறங்கும் வண்டிக்குத் தனி மரியாதை உண்டு. தொலைவென்றால் சின்ன யானை என்று ஊர் சொல்லும் சிறு லாரியில் ஏற்றிவரலாம். ஏற்றும்போது சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டக் கூடாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஹேண்டில்பாரின் இருபுறமும் பட்டை போட்டு, முன் ஃபோர்க் பாதி அமுங்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும். பட்டை உரசும் இடமெல்லாம் பழைய பருத்தித் துணி. பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும்.

நிற்கும் இடத்தில் சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை வேண்டும். வெயிலில் இளகிய தாரிலும் மழையில் நனைந்த மண்ணிலும் 160 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒரு பக்கமாக இறங்கிவிடும். இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டு வைத்தால் சொட்டும் ஆயில் மைதானத்தைக் கெடுக்காது. ஓட்டி நிறுத்திய வண்டியின் சைலன்சர் குழந்தைகளின் கால் உயரத்தில் இருப்பதை மறக்கக் கூடாது; ஆறும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம்.

வண்டிக்கு முன் ஒரு அட்டை வைப்பது பல கூட்டங்களில் விடுபட்டுப்போகிறது. இது பெரிய குறை. தயாரான ஆண்டு, மாடல், சிசி, முதல் பதிவு நடந்த ஊர், இதுவரை எத்தனை கை மாறியது, எவையெல்லாம் மாற்றப்பட்டவை என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் போதும். கடைசி வரிதான் முக்கியமானது. டேங்க் வேறு வண்டியுடையது, ரிம் புதிது, வயரிங் மாற்றியது என்று அட்டையிலேயே எழுதிவிட்ட வண்டியை யாரும் குறைசொல்வதில்லை; நடுவரும் மதிக்கிறார். எல்லாம் ஒரிஜினல் என்று வாயால் சொல்லிவிட்டு, ஒரு பெரியவர் குனிந்து பார்த்து மறுத்துவிடும் நிலை வரக்கூடாது. பழைய ஆர்சி புத்தகத்தின் நகல், வண்டி வாங்கிய நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கம்பெனி கொடுத்த டூல் செட் இருந்தால் அவற்றையும் பக்கத்தில் வைக்கலாம்.

கேள்விகள் எந்த ஊரிலும் ஒன்றுதான். “எந்த வருஷத்து வண்டி தம்பி?”, “மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?”, “குடுக்கிற ஐடியா இருக்கா?” இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதுதான் காட்சி. நடுநடுவே வேறு மாதிரி ஆள் ஒருவர் வருவார். கேள்வி எதுவும் கேட்காமல் வண்டியைச் சுற்றி வருவார். கிளட்ச் லிவரைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு, இந்த மாடலுக்கு டூல் பாக்ஸ் மூடியில் இந்தத் திருகு வராதே என்பார். அந்நாளில் மெக்கானிக்காகவோ, மின்வாரிய லைன்மேனாகவோ, போலீஸ் ரோந்திலோ பத்திருபது வருஷம் இதே வண்டியோடு கிடந்தவராக இருப்பார் அவர். புத்தகத்தில் இல்லாத விவரங்கள் அவரிடம் இருக்கும். அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். சிறு நகரத்துக் கூட்டம் பெருநகரத்துக் காட்சியைவிட ஒருபடி மேலானதாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்: வண்டியை ஓட்டிப் பிழைத்தவர்கள் அங்கே நுழைவுச்சீட்டு இல்லாமல் நடந்து வருகிறார்கள்.

வரிசையில் புல்லட்டுக்குப் பக்கத்தில் நிற்பவையும் தனித்தனிக் கதை உடையவை. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையில் 1961-லிருந்து தயாரான ஜாவாவும் பிறகு அதே ஆலையிலிருந்து யெஸ்டி என்ற பெயரில் வந்த வண்டிகளும் பெரும்பாலும் ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் கொண்டவை. அவற்றில் கிக்கரும் கியர் லிவரும் ஒரே தண்டுதான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், கீழே விட்டால் கியர். ஆலை 1996-ல் மூடியது. ஆண்டுதோறும் ஜூலை இரண்டாவது ஞாயிறன்று ஜாவாக்காரர்கள் பல ஊர்களில் கூடுகிறார்கள். எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350 யமஹாவின் ஆர்டி 350-ஐ அடிப்படையாகக் கொண்டது. அந்நாளில் அதன் வேகத்துக்கு இந்தியச் சாலையும் பழக்கமில்லை, மெக்கானிக்கும் பழக்கமில்லை; அதனாலேயே இன்று நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு அவ்வளவு மதிப்பு. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இளைஞர் கூட்டம் எப்போதும் உண்டு. ஓசூரில் 1980-ல் பிறந்த டிவிஎஸ் 50-ஐ யாரும் காட்சிப் பொருளாக நினைப்பதில்லை. நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றித் தேய்ந்து பழைய இரும்புக்குப் போய்விட்டதால் ஒரிஜினல் நிலையில் அது கிடைப்பதே அரிது. ஒருவர் அதைத் துடைத்துக் கொண்டுவந்தால் முதல் வரிசையில் இடம் கொடுக்க வேண்டும். என்ஃபீல்டு இந்தியாவே ராணிப்பேட்டையில் செய்த ஃபியூரி 175 இன்னும் அரிது. டிஸ்க் பிரேக்கோடு வந்த முதல் இந்திய மோட்டார்சைக்கிள் அது.

பரிசு கொடுக்கும் கூட்டங்களில், காத்த வண்டிக்கும் புதுப்பித்த வண்டிக்கும் தனித்தனிப் பிரிவு வைப்பதே முறை. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தால் புதுப் பெயின்ட் வென்றுவிடும். அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பேர் கம்பெனி பெயின்டைச் சுரண்டியிருப்பார்கள். ஓடிக் காட்டும் வண்டிக்குத் தனி மதிப்பெண் வைப்பதும் நல்லது. மாற்றம் செய்த வண்டிகள், அகல டயரும் உயர ஹேண்டிலும் போட்டவை, தனி ஆர்வத்தின் விளைவு. அவை வேறு வரிசையில் நிற்கட்டும்.

திரும்பி வந்த வண்டியை அப்படியே மூலையில் தள்ளிவிடக் கூடாது. கூட்டத்தில் பட்ட விரல் வியர்வை குரோமில் உப்பாகத் தங்கும். அன்று மாலையே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகு தடவ வேண்டும். அடுத்து ஓட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமென்றால் கார்புரேட்டரின் மிதவை அறையை வடித்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றிவைப்பது வழக்கம். ஓட்ட முடியுமென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுவது அதைவிடச் சிறந்தது. நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் கிளப்பி நிறுத்தினால் சைலன்சருக்குள் நீர்தான் சேரும். மைதானத்தில் பெரியவர்கள் சொன்ன குறைகளை அந்த வாரமே சரிபார்த்து, எது திருத்தப்பட்டது, எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேதியோடு நோட்டில் எழுதி ஆர்சியோடு சேர்த்து வைத்தால், அடுத்த கூட்டத்துக்கான அட்டை பாதி தயாராகிவிடும்.